உசனாரின் பெட்டி களவெட்டிக்கு வந்த நாள்

வல்லிபுரம் எதையும் லேசில் நம்புகிற ஆள் அல்ல. தேங்காயை உடைத்த பிறகும், உள்ளே இருப்பது தேங்காய்தானா என்று ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மனைவியிடம் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் அவர் இருந்தது இரண்டாம் வகுப்பு வரைக்கும். அங்கே வாத்தியார் உலகம் உருண்டை என்றார். இந்த ஆளிடம் இதற்கு மேல் படித்துப் பிரயோசனமில்லை என்று எழுந்து வந்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதர் நெல் மிதிக்கிற களவெட்டிக்கு, உலகச் சண்டை முடிந்த இரண்டாம் வருடம், ஒரு மாசி மாத வியாழக்கிழமை காலையில், பேசுகிற பெட்டி ஒன்று வண்டியில் வந்து இறங்கியது.

கொண்டுவந்தவர் ஏறாவூர் உசனார். எருமைக்காரர். செங்கலடிக்கு மேற்கே உள்ள வயல் வட்டைகளில் கதிரை வெட்டி அடுக்கிவிட்டால், அதை மிதித்து மணி பிரிக்க உசனாரின் எட்டு எருமைகள் வந்தாக வேண்டும். அந்த வருடம் எல்லா வயலும் ஒன்றாக விளைந்து எருமைக்கு அடிபிடி. வல்லிபுரத்துக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். வடகிழக்கிலோ மழை கறுத்துக்கொண்டு நின்றது. அடுக்கிய கதிர் நனைந்தால் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். பொழுது சாய்வதற்குள் மிதித்துத் தூற்றி மூட்டை கட்டாவிட்டால், ஒரு வருடச் சாப்பாடு சேற்றோடு போகும். இது வல்லிபுரத்துக்கும் தெரியும், உசனாருக்கும் தெரியும். அதனால்தான் உசனார் துணிந்து பெட்டியை இறக்கினார்.

“என்ன சாமான் இது?” என்றார் வல்லிபுரம், களவெட்டி ஓரத்தில் நின்றபடி.

“றேடியோ அண்ணே. வெள்ளைக்காரன்ட பட்டாளக் காம்பு கலைஞ்சபோது வாங்கின. பெற்றறியும் இரிக்கி.”

“எருமை கேட்டனா, பெட்டி கேட்டனா?”

“ரெண்டும் சேர்ந்துதான் வரும். என்ட தம்பி மீராசாஹிப் இரிக்கிறானே, வாத்தியார், கொழும்புக்கு மாறிப் போனவன். அவன் இண்டைக்கு றேடியோவில பேசப்போறான். தபால் காட்டுப் போட்டிரிந்தான்.”

“எத்தினை மணிக்கு?”

உசனார் தலையைச் சொறிந்தார். “அதுதான் அண்ணே. காட்டை மடிக்குள்ள வெச்சிக்கொண்டு எருமை கழுவக் களப்புக்குள்ள இறங்கிட்டன். கிழமை தப்பிட்டு, மணி கரைஞ்சி போயிட்டு.”

“அப்ப நாள் முழுக்க இது கத்துமோ?”

“நாள் முழுக்கத்தான். வேணாமெண்டா சொல்லுங்க, எருமையைக் கிறுக்கி வந்த வழியே கொண்டு போறன். கேட்க எத்தினையோ பேர் இரிக்காங்க.”

வல்லிபுரம் வானத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இரண்டில் எது கூடிய கறுப்பு என்று தெரியவில்லை. “சரி, வை” என்றார்.

களவெட்டி என்பது சும்மா சாணம் மெழுகிய ஒரு வட்டம் அல்ல. அதற்குள் கால் வைத்தவன் ஊர்ப் பேச்சுப் பேசக் கூடாது. விளைச்சலை அள்ளிக்கொண்டு போகச் சுற்றிவர நிற்கிற பூதங்களுக்கு ஊர்ப் பேச்சு நன்றாக விளங்கும். ஆகவே உள்ளே நெல்லுக்குப் பொலி என்று பெயர். மாடோ எருமையோ, எல்லாம் வாரிக்காலன். அள்ளுகிற ஓலைக் கடகம் பெருவாயன். இல்லை, போதும் என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது. எல்லாவற்றிலும் பொல்லாத சொல் ‘முடிந்தது’. அதை உள்ளே ஒருவன் சொன்னால் பொலி அந்த இடத்திலேயே அற்றுப்போகும். முந்திய வருடம் கூலியாள் அழகரத்தினம் காலியாகிப்போன வெற்றிலை வட்டாவைப் பார்த்து வாய் தவறி அதைச் சொன்னதற்கு, வல்லிபுரம் அவனைத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டார். அழகரத்தினம் கனத்த ஆள். தூக்கிய கிழவரின் இடுப்பு ஒரு மாதம் நொந்தது.

பெட்டியின் கம்பியைக் காவல் பரணில் கட்டி, உசனார் அதன் திருகாணியைத் திருப்பினார். கொஞ்ச நேரம் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒருவன் வந்து, எங்கெங்கேயோ உள்ள நாட்டு மந்திரிமார் யார் யாரோடு கோபம், யார் யாரோடு சேர்த்தி என்று சொல்லிக்கொண்டு போனான். கூலியாள் யோகராசா எருமைகளைப் பிணைத்தபடி வாயைப் பிளந்து கேட்டான். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கையில், அந்த மனிதன் ஒரு கூச்சமும் இல்லாமல், “இத்துடன் செய்திகள் முடிந்தன” என்றான்.

எருமை கூட அசையவில்லை.

“நிப்பாட்டு!” என்று வல்லிபுரம் பாய்ந்தார். “கதிர் இப்பதான் பரப்புறம். பொலி உதிர்ந்த நேரமா இரிந்தா என்ன கதி? என்ட களத்துக்குள்ள வந்து நிண்டுகொண்டு என்ன பேச்சுப் பேசுறான் உன்ட ஆள்!”

“அவன் கொழும்பில நிண்டெல்லோ பேசுறான், அண்ணே.”

“சத்தம் எங்க நிக்கிது?”

கொஞ்சம் இழுபறிப்பட்டார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. பெட்டி பேசலாம். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்னால் அதன் காதைத் திருகி வாயை அடைத்துவிட வேண்டும். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் கழித்துத் திரும்பத் திறக்கலாம். காதைத் திருகுகிற வேலையை வல்லிபுரம் வேறு யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை. ஒரு மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தானே குந்திக்கொண்டார்.

றேடியோவை வெறுத்த ஒரு மனிதர், இலங்கையிலேயே அதைக் கவனமாகக் கேட்ட மனிதராக ஆனது இப்படித்தான். ஒரு சொல் விடாமல் கேட்டால்தானே எந்தச் சொல் வரப்போகிறது என்று பிடிக்கலாம்?

முதலில் ஒரு டாக்குத்தர் வந்து நுளம்பு கடித்து வரும் காய்ச்சலைப் பற்றிப் பேசினார். தண்ணீர் தேங்க விடக் கூடாதாம். “வயலுக்குள்ள தண்ணி தேங்காம உன்ட அப்பனா வேளாண்மை செய்யுற?” என்று வல்லிபுரம் பெட்டியிடமே கேட்டார். டாக்குத்தர் பதில் சொல்லாமல் தொடர்ந்தார். இந்தப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். ஆனால் ஒரு விஷயத்தை வல்லிபுரம் பிடித்துக்கொண்டார். ஒருவன் வாயை மூடுவதற்கு முன் இன்னொருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, “இதுவரை” என்று தொடங்குகிறான். “இதுவரை” வந்தால் அடுத்து அந்தச் சனியன் வரும். ஆகவே ‘இது’ என்றதும் கை திருகாணிக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. மாதர் பகுதியாம். அழகரத்தினம் கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டான். “ஐயோ, பொம்பிளை!”

அந்தக் களவெட்டிக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. வல்லிபுரத்தின் மனைவி அன்னப்பூரணியே வாடிக் குடிசையில் சமைத்துக்கொண்டு, ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றுதான் கஞ்சிக்குக் கூப்பிடுவாள்.

“கால் எங்க வெச்ச?” என்றார் உசனார். “குரல்தானே வந்திரிக்கி. குரலுக்குக் கால் ஏது?”

வல்லிபுரம் யோசித்தார். நியாயம் போலத்தான் இருந்தது, அதனாலேயே சந்தேகமாகவும் இருந்தது. அவர் முடிவெடுப்பதற்குள் வாடியிலிருந்து அன்னப்பூரணி சத்தம் போட்டாள். “இஞ்சேருங்க! அந்தப் பிள்ளை என்னவோ பலகாரம் சொல்லுறா. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கவன்!”

கேக் என்று ஒரு பலகாரம். பன்னிரண்டு முட்டையும் ஒரு இறாத்தல் பட்டரும் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு முட்டையை ஒரே நேரத்தில் யார் கண்டது என்று அகப்பையும் கையுமாக நின்றபடி அன்னப்பூரணி கேட்டாள். மாவைத் தட்டில் ஊற்றி அடுப்பில் வைக்கப் போகும்போது ‘இது’ வந்தது. வல்லிபுரம் திருகிவிட்டார்.

“ஊத்தின மறுகா என்ன செய்யுற அதை?” என்று வாடியிலிருந்து கேள்வி.

“தின்னுற!” என்று பதில் கொடுத்தார்.

“பச்சை மாவையா?”

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒருவன் பாடம் சொன்னான். அவனும் உலகம் உருண்டை என்றான். ‘இது’ வருவதற்கு வெகு முன்பே அவன் காது திருகப்பட்டது. உச்சி வெயிலில் ஒரு விவசாய அதிகாரி வந்து, “இவ்வருடம் நெ” என்றார். அவ்வளவுதான், ‘நெ’ வரைக்கும்தான் அவரால் வர முடிந்தது.

வெயில் சாய்கிற நேரம் ஒரு நாடகம் போட்டார்கள். ஒரு பெரிய பங்களாவில் கிழவர் ஒருவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். மகனோ, மருமகனோ, சமையற்காரனோ, யார் என்று தெரியாது. எருமைகள் சுற்ற, யோகராசா பின்னால் நடக்க, அழகரத்தினம் சுளகைப் பிடித்தபடி நிற்க, களவெட்டி முழுவதும் கொலைகாரனைத் தேடியது. “சமையற்காரன்தான்” என்றான் யோகராசா. “சோறாக்கிறவன் கொலை செய்ய மாட்டான், நேரம் எங்க?” என்றான் அழகரத்தினம். மருமகன்தான் என்பது வல்லிபுரத்தின் எண்ணம். ஆனால் அவருக்கும் மருமகன் ஒருவன் உண்டு, ஆதலால் சொல்லவில்லை. பொலிஸ்காரன் கதவை உதைத்துத் திறந்து, “அடே! உன்னுடைய ஆட்டம் முடி” என்றான்.

டக்.

“அண்ணே!” என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

“அவன் சொல்லப்போனது எனக்குத் தெரியும்.”

“ஆரைப் பார்த்துச் சொன்ன? அதையாவது கேட்டிரிக்கலாமே!” யோகராசா தலையில் அடித்துக்கொண்டான். “விடியத்தொட்டு ஒண்டுக்காவது வால் கண்டமா? கேக்கு வேகாமக் கிடக்கு. கொலைகாரன் சும்மா திரியுறான்!”

மேகம் இப்போது வட்டைக்கு மேலேயே வந்துவிட்டது. மிதிக்க இன்னும் ஒரு பரப்புக் கதிர் இருந்தது. வல்லிபுரம் திரும்பத் திருகாணியைத் திறந்தார்.

“அடுத்து, நமது கிராமங்கள். மட்டக்களப்பு வயல்களின் களத்துச் சொற்கள் பற்றி ஆசிரியர் மீராசாஹிப் பேசுவார்.”

“வந்திட்டான்! என்ட தம்பி வந்திட்டான்!” உசனார் துள்ளி வந்து பெட்டிக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தார். வல்லிபுரம் மரக்காலை விட்டுப் பாதி எழுந்தார்.

விஷயம் இதுதான். போன வருடம் மீராசாஹிப் ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வல்லிபுரத்தின் வாடிக்கு வந்து, களத்துச் சொல் எல்லாம் சொல்லித் தாருங்கள் என்று மூன்று நாள் இருந்தார். மரியாதையான பிள்ளை. ஆனால் கொப்பியில் எழுதுகிறவனை எப்படி நம்புவது? எழுதினது எல்லாம் கடைசியில் அரசாங்கக் கச்சேரிக்குத்தானே போகும்? களவெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி வைத்தால்? வல்லிபுரம் முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த சொற்களை எல்லாம் உண்டாக்கிக் கொடுத்தார். பிள்ளை அத்தனையையும் எழுதிக்கொண்டு போனார். அது கச்சேரிக்குப் போகவில்லை. இதோ, கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்து நிற்கிறது.

கை தானாகத் திருகாணிக்குப் போனது. உசனார் மணிக்கட்டைப் பிடித்தார். எருமையின் மூக்கணாங்கயிறு பிடித்த கை; அசையவில்லை.

“அண்ணே. என்ட தம்பியில கை வெச்சீங்களெண்டா வாரிக்காலனுகளை இப்பவே அவுப்பன்.”

“கடகத்தை இம்மக்கள் ‘மடத்துச்சாமி’ என்பர்” என்றார் மீராசாஹிப் நல்ல இலக்கணத் தமிழில். “எவ்வளவு இட்டாலும் மறுக்காமல் ஏற்பதால் இப்பெயர் அமைந்தது போலும். சுளகுக்கு ‘மாமி’ என்று பெயர். எந்நேரமும் புடைத்துக்கொண்டே இருக்கும் இயல்பை நோக்குக. எருமையையோ ஊரதிகாரியின் பெயரால் ‘விதானையார்’ என்றே அழைப்பர். சுற்றிச் சுற்றி வரும், சொன்னது கேளாது.”

அழகரத்தினத்தின் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. யோகராசா எருமைக்குப் பின்னால் மறைந்துகொண்டான். எருமையின் முதுகு மட்டும் குலுங்கியது. உசனாரின் முகத்தில் இருந்த சிரிப்பு, தண்ணீர் வற்றுவது போல மெல்ல வற்றியது. இருபது வருடம் களவெட்டிகளில் எருமை ஓட்டியவர். மடத்துச்சாமியாவது மாமியாவது!

பெட்டி விடவில்லை. “இவ்வரிய சொற்களை எனக்கு வழங்கியவர், பொய் என்பதே அறியாத உழவர் பெருமகன் வல்லிபுரம் அவர்கள். அவருக்கு என் நன்றி உரியது. இதுவரை”

திருகியது உசனார். கிழவருடைய மணிக்கட்டையும் விட்டார். எழுந்தார்.

“வெளிய வாங்க அண்ணே.”

“என்னத்துக்கு? இஞ்சயே சொல்லு.”

“உள்ள நிண்டு ஏச ஏலாது. பாதிச் சொல்லு தடை. வெளிய வாங்க!”

வட்டத்துக்கு வெளியே வரம்பில் ஏறியதும் உசனார் வெடித்தார். “இல்ல! இல்ல! இல்ல! இது மனிசன் செய்யுற வேலை இல்ல! நாளைக்குச் சோறு கிடைக்காட்டியும் உங்கட களத்துக்கு வரமாட்டன். முடிஞ்சி! உங்களுக்கும் எனக்கும் எல்லாம் முடிஞ்சி! பச்சைப் பிள்ளை, உங்களை வாத்தியார் எண்டு நம்பி வந்தான். நாடு கேட்கப் பைத்தியக்காரனாக்கிட்டீங்க!”

ஒரு மழைத்துளி வல்லிபுரத்தின் மொட்டைத் தலையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“ஓம்” என்றார். “பொய்தான் சொன்னன். கொப்பியைக் கண்டு பயந்து சொன்னன். அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்ல.”

வல்லிபுரம் ஒன்றை ஒத்துக்கொண்டு உசனார் அதுவரை கண்டதில்லை. ஏச நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டார்.

“நாடு எங்க சிரிச்ச?” என்று கிழவர் தொடர்ந்தார். “கொழும்பானுக்கு இது பொய்யெண்டு தெரியுமா? தெரிஞ்சவன் வட்டைக்காரன். வட்டைக்குள்ள பெட்டி கொண்டு திரியுறவன் நீ ஒருத்தன்தான்.”

“அவன் வாற கிழமை ஊருக்கு வாறான். இந்த ரெண்டு கழுதைகளும் வாயை வெச்சிக்கொண்டு சும்மா இரிப்பானுகளா?” உசனார் கை காட்டிய பக்கம் இரண்டு கழுதைகளும் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

வல்லிபுரம் மேகத்தையும், மிதிக்காத கதிரையும், எட்டு எருமைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அப்ப சொல்லை மாத்துவம்.”

“என்ன?”

“பெருவாயன் எண்டு ஆர் வெச்ச? என்னைப் போல ஒரு கிழவன்தானே வெச்சிரிப்பான். அவன் வெச்சா சொல்லு, நான் வெச்சாப் பொய்யா? இண்டைக்கு இருந்து என்ட களத்தில உன்ட தம்பி சொன்னதுதான் சொல்லு. பேசினா உண்மையாப் போகும். பூதத்துக்கும் பழசு கேட்டுக் கேட்டுப் பழகியிரிக்கும். புதுசு நல்லது.”

உசனார் கண்ணைச் சுருக்கினார். “உங்களை எப்பிடி நம்புற?”

“நம்பாத. நான் ஆரையாவது நம்புறனா? உள்ள வந்து நிண்டு கேளு. நான் ஒரு பழஞ்சொல்லுச் சொன்னா அவுத்துக்கொண்டு போ.”

இது உசனாருக்கு விளங்குகிற பேச்சு. இரண்டு பேரும் இறங்கி உள்ளே வந்தார்கள்.

“யோகராசா!” என்று வல்லிபுரம் முழங்கினார். “என்னடா பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? விதானையாரைத் தட்டு!”

யோகராசா திடுக்கிட்டு வட்டையைச் சுற்றிப் பார்த்தான். விதானையார் ஒருவரையும் காணோம். பிறகு கிழவரின் கண்ணைப் பார்த்தான். வாய்க்கால் நினைவு வந்திருக்க வேண்டும். முன் எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். “கிறுகுங்க விதானையார்! கிறுகுங்க!”

“அழகரத்தினம், மடத்துச்சாமியைக் கொண்டு வா!”

அழகரத்தினம் ஓடிப் போய்ச் சுளகைக் கொண்டுவந்தான்.

“அது மாமிடா, மடையா!” என்று உசனாரே கத்தினார். கத்தின பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே எருமைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டார். “ஏய், மூத்த விதானை! புல்லைத் திண்டுகொண்டு நிக்காத, நட! சின்ன விதானையை இடிக்காத!”

பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. திறந்தாலும் கேட்டிருக்காது. மடத்துச்சாமி நிறைந்து நிறைந்து போனார். மாமி புடைத்துத் தள்ளினாள். விதானைமார் எட்டுப் பேரும் வாலை ஆட்டிக்கொண்டு, அன்று காலையிலிருந்து சுற்றாத சுற்றுச் சுற்றினார்கள். தூறல் பிடித்தபோது மூட்டைகள் வரம்பால் வாடிக்கு ஓடிக்கொண்டிருந்தன. கடைசி மூட்டையை வல்லிபுரமும் உசனாரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துக் கூரைக்குள் இழுத்துப் போட, பின்னாலேயே மழை தடாலென்று விழுந்தது.

வாடிக்குள் எல்லாரும் நனைந்த கோழிகள் போல நெருங்கி இருந்தார்கள். அன்னப்பூரணி சூடாகக் கஞ்சி ஊற்றினாள். உசனார் ஒரு மிடறு குடித்துவிட்டு, மூட்டைகளைக் கண்ணால் தடவினார்.

“அண்ணே, இப்ப களத்துக்கு வெளியதானே இரிக்கம். உண்மையைச் சொல்லுங்க. மடத்துச்சாமி சரி, விதானை சரி. சுளகுக்கு என்னெண்டு மாமியெண்டு வந்த?”

அன்னப்பூரணியின் அகப்பை பானைக்கு மேலே நின்றது. கலியாணம் முடித்த நாளிலிருந்து வல்லிபுரம் இருப்பது அவள் தாயாரின் வீட்டில். முப்பத்தெட்டு வருடம். அந்த மாமி இன்னும் திடமாகத்தான் இருக்கிறார்.

“ஆரு மாமி?” என்றாள்.

வல்லிபுரம் கஞ்சியை ஊதினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் முறை ஊத அதில் சூடு இல்லை.

“அது நான் சொல்லல்ல” என்றார் உசனார் பக்கம் திரும்பி. “உன்ட தம்பி பிழையா எழுதிட்டான்.”